உள்ளே போன ஸ்டூல்

கே.கே. நகரில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடையில் ஒரு தம்பி வேலை செய்கிறான். ஆட்டிசம் உள்ளவன். நகல் எடுத்த தாள்களை நான்கு பக்கமும் தட்டி, விளிம்பு பிசகாமல் சேர்ந்த பிறகுதான் பின் அடிப்பான். போன மாதம் ஒருவர் பொறுமையிழந்து, "போதும், குடுப்பா" என்று தாள்களைப் பிடித்து இழுத்தார். தாள்கள் சிதறின. தம்பி காதைப் பொத்திக்கொண்டு அலறினான். மறுநாள் அவனுடைய ஸ்டூல் தடுப்புக்குப் பின்னால் உள்ளறையில் கிடந்தது.

முதலாளி கெட்டவரல்ல. சம்பளத்தில் கை வைக்கவில்லை. "உள்ள நிம்மதியா இருப்பான் சார்" என்றார். இருக்கலாம். ஹாரன் சத்தமும் சில்லறைத் தகராறும் அங்கே எட்டாது. ஆனாலும் அந்த ஸ்டூல் என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதைச் சேர்த்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசமும் மனநோயும் இன்னும் சிலவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாகுபாடு என்கிறது அதே சட்டம். சத்தமில்லாத இடம் தருவது அப்படியொரு வசதிதான். ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் ஒதுக்கிவைப்பதென்றாலும் ஸ்டூலை அங்கேதானே போட்டிருப்பார்கள்?

சிறுவயதில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். நம்பெருமாள் எந்த நாளில் எந்த வாகனத்தில் எழுந்தருளுவார் என்று எப்போது கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வார். ஆட்டிசம் என்ற பேச்சே அன்று கிடையாது. 'ஒரு மாதிரி' என்பார்கள். தெருவே அவரைத் தாங்கியது என்று இன்று பெருமை பேசுகிறோம். வீட்டில் கல்யாணம் என்றால் அவரைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து, இலை போட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். அங்கே அவர் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

எப்போதோ படித்த டொனால்ட் ட்ரிப்லெட்டின் கதையும் கூடவே வருகிறது. ஆட்டிசத்தைப் பற்றி 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் எழுதிய ஆய்வில் வரும் 11 குழந்தைகளில் முதல் குழந்தை. வளர்ந்து, அமெரிக்காவில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வங்கி வேலை பார்த்தார்; கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளுக்குப் போய்வந்தார்; 2023இல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கி அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அப்படியொரு வங்கி இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் கதையை யார் எழுதுவார்கள்? வங்கியில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதும் எனக்கு நினைவில் இல்லை. இப்போது அதைத்தான் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது.

எல்லாரும் அந்தத் தம்பிக்காகப் பேசுகிறோம், நான் உட்பட. அவன் கடையின் முன்பக்கம் உட்கார வேண்டும் என்று நான் நினைப்பது அவன் நன்மைக்கா, இந்த ஊர் நல்ல ஊர் என்று நான் நம்புவதற்கா?

கடைசியில் அவனிடமே கேட்டேன். "தம்பி, உள்ள நல்லா இருக்கா?"

தாள்களைத் தட்டிக்கொண்டே, "உள்ள ஃபேன் இருக்கு சார்" என்றான்.

வெளியேயும் ஃபேன் இருக்கிறது. அவன் சொன்னது என் கேள்விக்கான பதில்தானா என்று தெரியவில்லை. முதலாளியிடம் பேசலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.