அழ முடியாத பிள்ளை

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். சரி, அழவே முடியாத பிள்ளை என்ன செய்யும்?

மூளை ரத்தக்குழாயில் பிறவியிலேயே வரும் அபூர்வக் கோளாறு ஒன்று உண்டு. கேலன் சிரைக் கோளாறு என்று பெயர். தமனி ரத்தம் நுண்குழாய்களில் பரவி நிதானப்படாமல், நேராகச் சிரையில் போய்க் கொட்டும். திரும்பி வரும் வெள்ளத்தைத் தாங்காமல் பிஞ்சு இதயம் திணறும். தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, அந்தத் தப்பான இணைப்பைப் பசை வைத்து அடைப்பார்கள்.

மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான். ஒரு டம்ளர்! ரத்த அழுத்தம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. குழந்தை இம்மிகூட அசையக் கூடாது. அதற்காகத் தசைகளைக் கட்டிப்போடும் மருந்து கொடுப்பார்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்த மருந்து அசைவை நிறுத்தும், வலியை நிறுத்தாது.

1980-கள் வரை, மேலைநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பச்சிளம் குழந்தைகள் பலருக்கு இந்த மருந்தோடு, மிஞ்சிப்போனால் லேசான மயக்க வாயுவோடு ஆபரேஷன் முடிந்துவிடும். 1985-ல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதய ஆபரேஷன் அப்படித்தான் நடந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. வலிக்கு எதுவுமே தரவில்லை என்பது தாய்க்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. ஊரறியக் கேள்வி கேட்டார்.

அந்த டாக்டர்களை ராட்சசர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். மருந்து கூடினால் உயிரே போய்விடுமோ என்ற அவர்களின் பயம் நிஜமானது. ஆனால், கூடவே ஒரு சௌகரியமான நம்பிக்கையும் இருந்தது: 'இதுக்கு என்ன தெரியும்? நரம்பே இன்னும் முழுசா வளரலை.'

ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த இந்திய டாக்டர் ஆனந்தும் சகாக்களும் 1987-ல் பதில் தந்தார்கள். ஒரே விதமான இதய ஆபரேஷன், 16 குறைமாதக் குழந்தைகள். பாதிப் பேருக்கு ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. மீதிப் பேருக்கு அது இல்லாமல், வழக்கப்படி. வலிநிவாரணி கிடைக்காதவர்களின் ரத்தத்தில் ஹார்மோன்கள் தாறுமாறாக எகிறின. பிற்பாடு சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். வாய் பேசவில்லை, ரத்தம் சொல்லிவிட்டது.

நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவில் ஒரு பாலபாடம் உண்டு. வராத லாபத்தை எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. வலிக்கும் அதுதான் நியாயம். படுத்திருப்பவர் 'வலிக்கிறது' என்று நிரூபிக்கக் காத்திருக்கக் கூடாது. 'வலிக்காது' என்று நிரூபிக்க வேண்டியவர் கத்தி பிடித்திருப்பவர்தான்.

இதற்கும் விலை இல்லாமலில்லை. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ, திரும்பத் திரும்பவோ தரும் மயக்கம் வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதனால்தான் மயக்க டாக்டர் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கண்கொட்டாமல் பார்த்து, மருந்தைத் துளித்துளியாக அளக்கிறார். பயம் இருந்தால் அளவைப் பாருங்கள். ஆளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் தியேட்டரை விடுங்கள். பேச்சு போய்ப் படுக்கையில் கிடக்கும் தாத்தாவை வெடுக்கென்று புரட்டிப் போட்டுவிட்டு, 'அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்கிறோமே... அதைச் சொன்னது யார்? தாத்தாவா, நாமா?