ஜெய்சல்மேருக்கு எப்போது போகலாம்?

ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேருக்கு எப்போது போகலாம் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை போகலாம். டிசம்பரும் ஜனவரியும் உத்தமம். ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பதிலில் பிழை ஏதும் இல்லை. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் ரயில் பாதையில் பலோதி என்றொரு ஊர் வருகிறது. 2016 மே 19 அன்று அங்கே வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இந்தியாவில் அதுவரை பதிவானதில் அதுவே உச்சம். அந்த ஊரையும் தாண்டி இன்னும் மேற்கே போய், கொதிக்கிற மஞ்சள் கல்லின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

குளிர்காலக் கணக்கைச் சுற்றுலாத் துறைதான் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது. பலோதிக்குப் பக்கத்தில் இருக்கும் கீச்சன் கிராமத்துக்கு மங்கோலியப் புல்வெளிகளிலிருந்து குர்ஜா என்ற கொக்கினப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. செப்டம்பரில் வருகின்றன, மார்ச்சில் கிளம்பிவிடுகின்றன. கிராமத்தார் அவற்றுக்குத் தினமும் தானியம் இறைக்கிறார்கள். வரும் தேதியும் போகும் தேதியும் ஏறக்குறைய ஹோட்டல்காரர்களின் நாட்காட்டிதான். அறை வாடகை மட்டும் கிடையாது.

ஆனால் ஓர் ஊருக்குப் போக நல்ல காலம் எது என்று கேட்கிறவர் தன் உடம்பை நினைத்து மட்டும்தான் கேட்கிறார். அந்த ஊருக்கு நல்ல காலம் எது, அந்த ஊர் தானாக இருக்கும் காலம் எது என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் வருவதில்லை.

உடம்புக் கணக்கிலும்கூட எல்லா உடம்பும் ஒன்றல்ல. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். குழந்தை குட்டிகளோடு வடக்கே ஒரு சுற்றுப் போய்வர மாதச் சம்பளக்காரருக்கு வாய்ப்பது அந்த மாதம்தான். ஜெய்சல்மேர் ஹோட்டல்கள் வாடகையைக் குறைத்துவிட்டு ஈ ஓட்டுவதும் அதே மாதத்தில்தான். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம் என்றால், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே ஊரே கொள்ளாத கூட்டம், வாடகையும் அதற்கேற்றபடி. நல்ல பருவம் என்பது கொஞ்சம் வசதியுள்ளவர்களின் பருவம் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

1156இல் பட்டி ராஜபுத்திரரான ராவல் ஜெய்சல் திரிகூட மலைமேல் ஜெய்சல்மேர்க் கோட்டையை எழுப்பினார். சிந்துவிலிருந்தும் முல்தானிலிருந்தும் டெல்லிக்கும் குஜராத்துக்கும் போய்வந்த ஒட்டகச் சாத்துகளிடம் சுங்கம் வாங்கி வளர்ந்த ஊர் இது. பின்னால் மும்பைத் துறைமுகம் பெருத்தது, ரயில் வந்தது, 1947இல் எல்லைக்கோடு குறுக்கே விழுந்தது. வணிகம் போய்விட்டது, வணிகர் கட்டிய வீடுகள் நிற்கின்றன. அவர்கள் டிசம்பரை மனத்தில் வைத்து அந்த வீடுகளைக் கட்டவில்லை. வைகாசியை நினைத்துக் கட்டினார்கள்.

பட்வா மாளிகைகளின் முன்னால் நின்று பார்த்தால் இது தெரியும். ஜரி வணிகத்தில் செழித்த குமான் சந்த் பட்வா 1805இல் தொடங்கி, ஐந்து மகன்களுக்கு ஐந்து வீடுகளாக எழுந்த வரிசை அது. தெரு குறுகல், வீடுகள் உயரம். உச்சி வேளையில் கொஞ்ச நேரம் தவிர வெயில் தரையைத் தொடாது. முகப்பெங்கும் ஜரோக்காக்கள், அதாவது சுவரைவிட்டு வெளியே தள்ளிய கல் மாடங்கள். ஒவ்வொரு மாடத்தின் தலையிலும் ஒரு கல் தாழ்வாரம். அதன் நிழல் கீழ்ச் சுவரில் விழுகிறது. மாடத்தின் கண்களை மறைத்து ஜாலி என்ற கல் சல்லடை. விரல் நுழையும் அளவுத் துளைகள் வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன. குறுகிய துளையில் புகும் காற்றுக்கு வேகம் கூடுகிறது. உள்ளே இருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்க முடியாது. அந்தக் காலத்துக்கு அதுவும் ஒரு தேவை. சுவரில் ஒரு சாண் இடமும் வெறுமையாக இல்லை, பூவும் கொடியுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். செல்வச் செருக்கு என்று தோன்றும். செருக்கும் உண்டுதான். ஆனால் ஆழமாகச் செதுக்கிய ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழுக்கு நிழல் தருகிறது. மொட்டைச் சுவர் வாங்குகிற வெயிலை இந்தச் சுவர் வாங்குவதில்லை.

டிசம்பரில் வருகிறவர் இதன் முன்னால் நின்று, என்ன வேலைப்பாடு என்று வியக்கிறார். பிறகு குளிர் தாங்காமல், வெயில் காய மொட்டை மாடி உணவகத்தைத் தேடிப் போகிறார். ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக நிழலைத் தேடிக் கல்லைக் குடைந்திருக்கிறது. நாம் சரியாக நிழல் வேண்டாத மாதமாகப் பார்த்துப் போய், குடைந்ததை அழகு என்கிறோம். பிப்ரவரியில் நடக்கும் பாலைவனத் திருவிழாவில் மீசைப் போட்டியும் தலைப்பாகை கட்டும் போட்டியும் உண்டு. தலைப்பாகை எதற்காக வந்ததோ, அந்த வெயில் அப்போது வந்திருக்காது.

சரி, ஊருக்கு எது நல்ல காலம்? அங்கே கேட்டால் சாவன் மாதம் என்பார்கள், நம் கணக்கில் ஆடியும் ஆவணியுமாக வரும். ஜெய்சல்மேரின் சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் ஜூலை முதல் செப்டம்பர் வரை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி நாட்கள் முழுக்க அந்தச் சில நாட்களின் கணக்கில்தான் ஓட வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி என்ற அரசர் வெட்டிய கட்சிசர் ஏரி இந்தக் கணக்கின் பெரிய பேரேடு. அது நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம், அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று ஒன்பது குளங்கள் தொடர்ந்ததை அனுபம் மிஸ்ரா 1993இல் வெளிவந்த குளங்கள் பற்றிய தம் இந்தி நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஏரிக்கு மழைநீர் வடிந்து வரும் நிலத்தை ஆகோர் என்பார்கள். அதை அசுத்தம் படாமல் காப்பது ஊர்க் கட்டுப்பாடு.

இன்று கட்சிசருக்கு ஆகோரை நம்பி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையில் கிளம்பும் இந்திரா காந்தி கால்வாய் இந்த மாவட்டம் வரை வந்துவிட்டது. குடிக்க நீர் வந்தது பெரிய காரியம். அதைக் குறை சொல்ல நாவு கூசும். ஆனால் அந்த நீரால் ஏரியும் டிசம்பரில் தளும்பி நிற்கிறது. மிதிபடகில் போகிறவருக்கு இது மழை எட்டிப் பார்க்காத பூமி என்ற நினைவே வராது. ஏரி நிரம்பியது என்பது ஒரு காலத்தில் ஊருக்கு நல்ல செய்தி. இப்போது அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் காட்சி.

கடீன் இன்னும் நேர்மையானது. பாறை மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் ஒரு மண்கரை போட்டு மறிப்பதுதான் கடீன். பாலிவால் பிராமணர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மழைக்காலத்தில் நிலம் குளமாகிக் கிடக்கும். நீர் மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குமேல் பாய்ச்சல் கிடையாது. ஜனவரியில் சாம் மணல்மேட்டுக்குப் போகும் வழியில் திடீரென்று பச்சை தெரிந்தால், அது ஆடி மாதத்து மழை நிற்கிற கோலம். வண்டி அங்கே நிற்பதில்லை. பாலிவால்கள் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கைவிட்டுப் போன குல்தாரா கிராமத்தில் நிற்கும். அங்கே ஆவி நடமாடுவதாகக் கதை இருக்கிறது. அந்தப் பூமியில் கோதுமை விளைவித்தவர்கள் என்பதைவிட ஆவியாக அலைகிறவர்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறது.

மழையைப் புனிதமாக்கிப் பேசுவதும் சரியல்ல. 2006 ஆகஸ்டில் பக்கத்து பார்மேர் மாவட்டத்தில் ஆண்டு மழையை விஞ்சிய மழை சில நாட்களில் கொட்டியது. கவாஸ் பகுதியில் மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் நீர் இறங்க வழியில்லாமல் வாரக்கணக்கில் தேங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலைவனத்தில் வெள்ளத்தில் மூழ்கிச் சாவது யாரும் எதிர்பார்க்கிற சாவு அல்ல.

சுற்றுலாப் பயணிகள் தவிர வேறு சிலரும் இந்த மண்ணுக்கு வரப் பருவம் பார்த்திருக்கிறார்கள். 1971 போரின்போது டிசம்பர் 4 இரவு பாகிஸ்தான் டாங்கிகள் எல்லையோர லோங்கேவாலா காவல் சாவடியை நோக்கி வந்தன. குளிர்காலம் வாகனத்துக்கும் ஆளுக்கும் தோது. மணல் எந்தக் காலத்திலும் தோது இல்லை. டாங்கிகள் புதைந்து திணற, பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பிய ஹன்டர் விமானங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. இன்று அந்த இடம் டிசம்பர்ப் பயணத் திட்டத்தில் ஓர் அரை நாள். இதே மாவட்டத்தின் பொக்ரானுக்கு வந்தவர்கள் மட்டும் கோடையைத் தேர்ந்தார்கள். முதல் அணுச் சோதனை 1974 மே 18. அடுத்தவை 1998 மே 11, 13. 1998இல் வானிலிருந்து உளவு பார்க்கும் கண்ணை மறைக்க இரவு வேலையும் கோடைப் புழுதியும் கைகொடுத்தன. ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரமும் ராணுவ உடையில், பிருத்விராஜ், நடராஜ் என்ற பொய்ப் பெயர்களில் அந்த வெயிலில் நடமாடினார்கள். யாரும் போகாத பருவம் என்பதற்கும் ஒரு பயன் இருந்திருக்கிறது.

ஊர்க்காரர்களின் கல்யாணமும் திருவிழாவும் நம் பட்டியலுக்கு வெளியேதான் நடக்கின்றன. நமக்கு அட்சய திருதியை என்றால் நகைக்கடை வாசல். அங்கே அது ஆகா தீஜ், கல்யாணத்துக்கு நாள் பார்க்கவே வேண்டாத நாள். ஏப்ரல், மே வெயிலில் ஊர் ஊராகப் பந்தல். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் அலைவதும் அன்றைக்குத்தான். ஆவணி, புரட்டாசியில் வரும் பாதோன் மாதத்தில் பொக்ரானுக்கு அருகே ராம்தேவ்ராவில் நாட்டார் தெய்வமான பாபா ராம்தேவின் திருவிழா. இந்துக்கள் அவரைக் கண்ணனின் அவதாரம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ராம்சா பீர் என்று கும்பிடுகிறார்கள். ராஜஸ்தானின் மூலைமுடுக்குகளிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பலர் கொடியைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்தே வருகிறார்கள், வழியெங்கும் தண்ணீரும் சாப்பாடும் இலவசம். அந்தப் பாலைவனத்துக்கு ஆண்டில் கூடுகிற பெருங்கூட்டங்களில் இது ஒன்று. ஆனால் சீசன் இல்லை என்று நாம் எழுதிவைத்திருக்கும் மாதம் அது.

சீசனுக்கு வருகிறவர்கள் எதையும் எடுத்துப் போவதில்லை. தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறார்கள், அதுதான் சிக்கல். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே கட்டடங்கள் எழுந்த காலத்தில் நீர் பெண்களின் தலையில் குடமாக ஏறிவந்தது. குடத்தில் வந்த நீரை யாரும் வீணாகக் கொட்டமாட்டார்கள், கழிவென்று வடிந்தது சொற்பம். பிறகு குழாய் வந்தது. வீடுகள் விடுதிகளாயின, ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை, ஷவர், மேற்கத்திய கழிப்பறை. வடிந்த நீர் அடியில் இருந்த களிமண் படிவங்களுக்குள் இறங்கியது, மலை இளகியது, கொத்தளங்கள் சரிந்தன. 1996, 1998, 2000 என மூன்று முறை உலக நினைவுச் சின்ன நிதியம் இந்தக் கோட்டையை ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு வடிகால்களைச் சீர்செய்யும் வேலை நடந்தது. 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பட்டியலில் சேர்ந்ததும் கூட்டம் கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எட்டரை நூற்றாண்டு வறட்சியைத் தாங்கி நின்ற கோட்டைக்குக் குளியல் நீர் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்காக யாரும் வராதீர்கள் என்று சொல்லிவிட முடியுமா? சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஓட்டுகிறவருக்கு ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். ஒட்டகம் பன்னிரண்டு மாதமும் தின்னும். கமாய்ச்சா என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் மங்கணியார்கள் முஸ்லிம்கள். பரம்பரையாகப் புரவலர் வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடியவர்கள். புரவலர்கள் நலிந்த பின் சுற்றுலாக் கூடாரங்களில் வாய்ப்புக் கிடைத்தது. மழைக்கு, பிரிவுக்கு, பிள்ளைப் பேற்றுக்கு என்று தனித்தனியாகப் பாட்டு வைத்திருப்பவர்களிடம் கூடாரம் தினம் தினம் கேட்பது ‘கேசரியா பாலம்’ என்ற வரவேற்புப் பாட்டு ஒன்றைத்தான். அவர்களும் முகம் கோணாமல் பாடுகிறார்கள். கூலி வருகிறது.

ஆகவே என் முடிவு இது. உடம்பு இடம் கொடுக்கிறவர்கள் செப்டம்பரின் பின்பாதியில் போங்கள். மதியத்தில் வெயில் சுடும், அது இருக்கட்டும். அந்தத் தெருக்களின் நிழல் எதற்கு என்று அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். மழை பெய்த ஆண்டாக இருந்தால் சேவண் புல் முளைத்திருக்கும், கடீன்களில் நீர் நிற்கும். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் டிசம்பரிலேயே போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எப்போது போனாலும் கோட்டை மதிலுக்கு உள்ளே அறை எடுக்காதீர்கள். கீழே ஊரில் தங்கி, மேலே நடந்து போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். குளிப்பதை ஒரு வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடாரத்தில் பாட்டுக் கேட்டால் மழைப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள், அவர்களிடம் இருக்கிறது.