முதல் தட்டு யாருக்கு?



திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு வந்துவிட்டது. இந்த நாட்களில் மாலை மயங்கிய பிறகு நம் புளியங்குடித் தெருக்களில் நடந்தால், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வாசனையே சொல்லிவிடும். ஒரு வீட்டில் முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுபடுகிறது. அடுத்த வீட்டில் அதிரசப் பாகு கொதிக்கிறது. இன்னொரு வீட்டில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கலகலாவுக்கு மாவு உருட்டுகிறார்கள். ஓவன் உள்ள வீட்டில் பிஸ்கட் வேகிறது. ஓவன் இல்லாத வீட்டில் கனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதற்குள் கேக் வேக வைக்கிறார்கள். நம் ஊர் எலுமிச்சையின் தோலைத் துருவி மாவில் சேர்த்தால் அந்தக் கேக்குக்குத் தனி மணம்.

வீட்டிலேயே ஆர்டர் எடுத்துக் கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கும் சகோதரிகளுக்கு இந்த மாதம் தூக்கமில்லாத மாதம். பிள்ளைகள் படுத்த பிறகு மாவு பிசைகிறார்கள். கரண்ட் போய்விடக் கூடாதே என்று செபித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கிறார்கள். மழை ஈரத்தில் பிஸ்கட் நமுத்துப் போகாமல் இருக்க, ஆறியதும் டப்பாவில் அடைக்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் பிள்ளைக்குப் புதுத்துணியும் பள்ளிக் கட்டணமும். தாய்மாரே, உங்கள் கைகளின் உழைப்பை ஆண்டவர் பார்க்கிறார். மம்ரேயில் விருந்தாளிகளுக்காக ஆபிரகாமின் மனைவி சாரா பிசைந்த மூன்று மரக்கால் மாவை மறக்காத கடவுள், உங்கள் மாவையும் மறக்க மாட்டார்.

சுட்ட பலகாரம் டப்பாவுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. பண்டிகையன்று தட்டில் அடுக்கி, மேலே ஒரு துணி போட்டு மூடி, பக்கத்து வீடுகளுக்கு அனுப்புகிறோம். தீபாவளிக்கு நமக்கு முறுக்கு வந்த வீட்டுக்கும், ரமலானில் நோன்புக் கஞ்சி வந்த வீட்டுக்கும் நம் தட்டு போகிறது. நாம் ஆசையாக வெட்டும் கிறிஸ்துமஸ் கேக்கின் கதையிலும் இப்படி மதம் கடந்த உறவு ஒன்று உண்டு. 1883-ஆம் ஆண்டு கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் பிஸ்கட் தொழில் நடத்தி வந்தார். மர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றை அவரிடம் காட்டி, இதைப்போல் செய்து தர முடியுமா என்று கேட்டார். பாபு உள்ளூரில் கிடைத்த பொருள்களையும் சேர்த்துச் செய்து கொடுத்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைச் சொல்வார்கள். அவர் கிறிஸ்தவர் அல்லர். பிறர் பண்டிகைக்காகத் தன் அடுப்பை மூட்டியவர். கடவுள் தம் கொடைகளை நமக்கு யார் கையால் தருவார் என்று யாரால் சொல்ல முடியும்?

அன்பானவர்களே, இப்போது உங்கள் மனத்தைத் தொட்டு ஒன்று கேட்கிறேன். அச்சு முறுக்கு சுடுகிறவர்களுக்கு ஒரு பக்குவம் தெரியும். சூடான அச்சை மாவில் முக்கும்போது மேல் விளிம்பு வெளியே தெரியும்படி முக்க வேண்டும். அச்சு முழுவதும் முங்கிவிட்டால் மாவு மேலேயும் மூடிக்கொள்ளும். பிறகு எண்ணெயில் எவ்வளவு உதறினாலும் முறுக்கு கழன்று வராது. மனக்கசப்பில் முழுவதும் முங்கிப்போன நெஞ்சும் அப்படித்தான். எதையும் விட்டுக்கொடுக்க அதனால் முடியாது. சொத்துப் பாகப்பிரிவினையில் முறிந்த அண்ணன் தம்பி உறவு, கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல், திரும்பி வராத கைமாற்று. தெருவெல்லாம் சுற்றி வரும் நம் தட்டு, ஒரு வாசலை மட்டும் பல ஆண்டுகளாகத் தாண்டிப் போகிறதே, அது எந்த வாசல்?

அந்த வாசலை நினைத்ததும் நெஞ்சு கனக்கிறதா? கலங்காதீர்கள். நம் ஆண்டவர் அந்தப் பாரத்தை அறிந்தவர். அவர் கைதான இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பின் அருகே குளிர்காய்ந்தபடி, அவரை அறியேன் என்று சீடர் பேதுரு மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் அந்தப் பேதுருவைத் தேடித் திபேரியாக் கடற்கரைக்கு வந்தபோது, அங்கேயும் கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை மூட்டியவர் ஆண்டவரே. அப்பமும் மீனும் ஆயத்தமாக இருந்தன. இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களைச் சாப்பிட அழைத்தார். என்னை அன்பு செய்கிறாயா என்று பேதுருவிடம் அவர் கேட்டது உணவுக்குப் பிறகுதான். முதலில் பசியாற்றினார். கைவிட்டு ஓடிய சீடர்களுக்குத் தம் கையால் உணவு பரிமாறியதுதான் அவருடைய இரக்கம். நாம் மன்னிப்பது நம் சொந்தப் பலத்தால் அல்ல. அவர் கையால் உண்டவர்கள் என்பதால்தான் நம்மால் மன்னிக்க முடிகிறது.

நம்மிடையே இந்த ஆண்டு அடுப்பு மூட்டாத வீடுகளும் உண்டு. இறப்பு நிகழ்ந்த வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் சுடுவதில்லை. சொந்தபந்தங்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நல்ல வழக்கம் அது, விட்டுவிடாதீர்கள். தட்டை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். வேலையில்லாமல், கையில் காசில்லாமல், யாருக்கும் எதுவும் கொடுக்க முடியவில்லையே என்று குன்றிப்போய் இருக்கும் சகோதரியே, உனக்கும் ஒரு சொல். மழையில்லாத பஞ்ச காலத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கையளவு மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். தானும் மகனும் கடைசியாக ஒரு வேளை உண்டு சாகலாம் என்று அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். இறைவாக்கினர் எலியா முதலில் தமக்கு ஒரு சிறு அப்பம் கேட்டார். அவள் கொடுத்தாள். மழை வரும்வரை அவள் பானையில் மாவு குறையவில்லை. அவளுடைய இல்லாமையைக் கண்டு கடவுள் முகம் திருப்பவில்லை; அங்கேதான் தம் ஊழியருக்குப் பந்தி வைத்தார். உன் வீட்டில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி இருந்தாலும் அது பண்டிகை விருந்துதான்.

ஆகையால் அன்பர்களே, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரத்தைத் தட்டில் அடுக்கும்போது முதல் தட்டை நெருங்கிய சொந்தத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். பேச்சு நின்றுபோன வீட்டுக்கு எடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். பழைய கணக்கைப் பேச வேண்டாம், “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் போதும். கதவு திறக்கவில்லை என்றாலும் மனம் தளராதீர்கள். உங்களுக்கு முன்பே இறைமகன், தமக்கு இடமில்லாத பெத்லகேம் ஊரின் வாசலில் நின்றிருக்கிறார். அவர் திரும்பிப் போய்விடவில்லை. அந்த ஊரிலேயே பிறந்தார்.

இரக்கம் நிறைந்த தந்தை உங்கள் அடுப்படிகளையும், உழைக்கும் உங்கள் கைகளையும், நீங்கள் சமாதானம் செய்யப் போகும் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.