கூலி கேட்பது குற்றமா?

விரும்பிச் செய்யும் ஒரு செயலுக்கு ஒருவர் கூலி கேட்டால், அந்த விருப்பம் மாசுபட்டு விடுகிறதா? கூலி வாங்காமல் செய்பவருடைய அன்புதான் தூய அன்பா? இக்கேள்வியை நாம் எழுத்தில் எழுப்புவது அரிது. ஆயினும் நாள்தோறும் நம் நடத்தையால் அதற்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நமக்காக உழைத்த ஒருவர் தயங்கித் தயங்கிப் பணத்தைப் பற்றிப் பேசும்போது, நம் முகம் சற்றே சுருங்குகிறதே, அதுவும் ஒரு விடைதான்.

இவ்வினாவை ஒரு விளையாட்டு வரலாற்றின் வழியாக ஆராய முற்படுகிறோம். 1907-ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து ஒரு ரக்பி அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்றது. பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர் பெற்ற ஆட்டத்தில் கடல் கடந்து சென்ற முதல் தேசிய அணி அதுவே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்ற நியூசிலாந்து அணியை, அதன் கறுப்பு உடையால், 'ஆல் பிளாக்ஸ்' என்று உலகம் புகழ்ந்தது. இப்புதிய அணியையோ செய்தித்தாள்கள் 'ஆல் கோல்ட்ஸ்' என்று எள்ளி நகையாடின. இவர்கள் உடையால் கறுப்பர் அல்லர், ஆசையால் பொன்னர் என்பது அக்கேலியின் பொருள். நம் வீடுகளில் 'பவுன்' என்று சொல்கிறோமே, அந்தத் தங்கக் காசு அந்நாளில் இங்கிலாந்தின் ஒரு பவுண்டு நாணயமே. அந்தப் பவுனுக்காகத் தாய்நாட்டின் விளையாட்டை விற்றவர்கள் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழி.

இப்பழி நேர்மையானதா?

பழியின் வேர்

1905-இல் பிரித்தானியாவுக்குச் சென்ற ஆல் பிளாக்ஸ் அணி, அச்சுற்றுப்பயணத்தில் ஆடிய 35 ஆட்டங்களில் 34-இல் வென்றது. கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியிடம் மட்டும் சுழியத்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் நடந்த இடமெல்லாம் மக்கள் திரண்டனர். நுழைவுக் கட்டணம் குவிந்தது. பயணத்தின் முடிவில் ஆயிரக்கணக்கான பவுண்டு மிஞ்சியது. மாதக்கணக்கில் வீட்டையும் வேலையையும் விட்டு வந்து ஆடிய வீரருக்குக் கிடைத்ததோ நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் படி மட்டுமே. ரக்பியை ஆண்ட சங்கங்களின் சட்டப்படி, அதற்கு மேல் ஒரு காசு பெற்றாலும் அவர் ஆட்டத்தினின்று விலக்கப்படுவார்.

சற்று நின்று சிந்திப்போம். வாயிலில் நின்று மக்களிடம் காசு வாங்குவது களங்கமில்லை. அந்தக் காசு சங்கத்தின் பெட்டியில் சேர்வதும் களங்கமில்லை. களத்தில் விழுந்து எழுந்தவர், இழந்த கூலியைத் தாருங்கள் என்று கேட்பது மட்டும் களங்கம்!

இவ்வழக்கு நியூசிலாந்தில் தோன்றியதன்று. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாளே. ஆட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால் அன்றைய வேலையை இடையில் விட வேண்டும். விட்ட நேரத்துக்குக் கூலி கிடையாது. அந்த இழப்பை மட்டுமாவது ஈடுசெய்ய இசைவு தாருங்கள் என்று 1893-இல் யார்க்ஷயர் பகுதியினர் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் கூட்டத்தில் முறையிட்டனர். தீர்மானத்துக்கு ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் விழுந்தன. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலையைக் குறித்துச் சுற்றுமடல் விடுத்திருந்தார். சிக்கனமாக வாழும் தொழிலாளி ஒருவர் தம் வாழ்வைத் தாங்கிக்கொள்ளக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அதன் போதனைகளுள் ஒன்று. ஒரு நாள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வி, அக்காலத்தில் ஆலையிலும் எழுந்தது, ஆடுகளத்திலும் எழுந்தது.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் வடபுலக் கழகங்கள் கூடிப் பழைய சங்கத்தினின்று பிரிந்தன. 'நார்தர்ன் யூனியன்' என்னும் புதிய அமைப்பு பிறந்தது. அவர்கள் முதலில் இசைந்தது, இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் மட்டுமே. 1898-இல் ஆடுவதற்கே ஊதியம் தரலாம் என்று முடிவு செய்தபோதும், வீரர் வேறொரு முறையான தொழிலும் செய்பவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். பேராசைக்காரர் என்று ஏசப்பட்டவர்கள், ஆசைக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஓர் எழுத்தரின் துணிவு

ஆல்பர்ட் ஹென்றி பாஸ்கர்வில் என்னும் இளைஞர் வெலிங்டன் நகரின் அஞ்சல் துறையில் எழுத்தராகப் பணியாற்றியவர். ரக்பி ஆட்ட முறையைப் பற்றி 1907-இல் ஒரு நூலையும் வெளியிட்டார். அவர் நார்தர்ன் யூனியனுக்கு எழுதி, நியூசிலாந்திலிருந்து ஓர் அணியைக் கூட்டி வர இசைவு பெற்றார். செய்தி பரவியதும் நியூசிலாந்து ரக்பி சங்கம் வெகுண்டது. சேர்பவர்கள்மீது வாழ்நாள் தடை விழும் என்பது தெளிவாயிற்று. அப்படியிருந்தும் வீரர்கள் சேர்ந்தார்கள். 1905-இல் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்மித், மாசா ஜான்ஸ்டன், டங்கன் மெக்ரிகர், பில்லி மக்ரெல் ஆகிய நால்வரும் அவர்களுள் இருந்தனர். ஹெர்குலிஸ் ரைட் அணித் தலைவரானார்.

இவர்களுக்குப் பின்னால் பொருள் தரும் செல்வர் எவரும் இல்லை. நியூசிலாந்திலிருந்து சேர்ந்த வீரர் ஒவ்வொருவரும் 50 பவுண்டு முதலாகப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஓர் உழைப்பாளிக்கு அது பல மாதக் கூலி. லாபம் வந்தால் பங்கு. நட்டம் வந்தால் போட்டதும் போகும். பொன்னாசை பிடித்தவர்கள் என்று இகழப்பட்டவர்கள், தம் கையிலிருந்த பொன்னை முதலில் இழக்கத் துணிந்தவர்கள்.

வழியில் சிட்னியில் இறங்கி 1907 ஆகஸ்டில் மூன்று ஆட்டங்கள் ஆடினர். அங்கும் அதே மனத்தாங்கல் கனன்றுகொண்டிருந்தது. அலெக் பர்டன் என்னும் வீரர் ஆட்டத்தில் காயமுற்று வேலைக்குச் செல்ல இயலாமல் தவித்தபோது, சங்கம் கைகொடுக்கவில்லை என்ற குமுறல் அந்நகரத்து வீரரிடையே பரவியிருந்தது. அந்தக் குமுறலும் இந்த அணியின் வருகையும் சேர்ந்து ஆஸ்திரேலியாவில் புதிய லீக் உருவாக வழி செய்தன. சிட்னியின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய டாலி மெசஞ்சர் இவர்களுடன் கப்பலேறினார். கப்பல் கொழும்பில் தங்கியபோது அங்கும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, அக்டோபர் முதல் நாள் லீட்ஸ் நகரை அடைந்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வரவேற்றனர்.

வந்தவர்களுக்கு ஒரு பெரும் இடர் காத்திருந்தது. நார்தர்ன் யூனியன் முந்திய ஆண்டில்தான் ஆட்ட விதிகளைப் பெரிதும் மாற்றி, பதினைவர் ஆடிய ஆட்டத்தைப் பதின்மூவர் ஆட்டமாக்கியிருந்தது. நியூசிலாந்தர் இப்புதிய முறையில் முன்பு ஆடியதே இல்லை. சில நாள் பயிற்சியோடு களமிறங்கி, பிராம்லி கழகத்தை 25-6 என வென்றனர். குளிரிலும் சேற்றிலும் 35 ஆட்டங்கள். பாதிக்குச் சற்று மேலான வெற்றிகள். 1908 புத்தாண்டு நாளன்று வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் உள்ள அபர்டேர் ஊரில் வேல்ஸ் அணியிடம் 9-8 எனத் தோற்றனர். பின்னர் நார்தர்ன் யூனியனின் தேர்ந்த அணியுடன் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள்: லீட்ஸில் தோல்வி, லண்டன் செல்சியில் வெற்றி, செல்டனமில் 8-5 என மீண்டும் வெற்றி, தொடர் நியூசிலாந்தின் கையில். புதிய ஆட்டத்தை ஆசிரியரிடமே கற்று, அந்த ஆசிரியரையே வென்று திரும்பினர்.

பணம் எங்கே போயிற்று?

திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில் மேலும் சில ஆட்டங்கள். பயணம் முழுவதும் செயலராகவே பெரிதும் உழைத்த பாஸ்கர்வில், 1908 மே 9 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் தாமும் களமிறங்கினார். ஒரு 'டிரை'யும் அடித்தார். 11-10 என அணி வென்றது. பிரிஸ்பேன் நகருக்குச் செல்லும் கடல் வழியில் அவருக்கு உடல்நலம் குன்றியது. நுரையீரல் அழற்சி முற்றி மே 20 அன்று அங்கே உயிர் நீத்தார். வயது 25.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு திரும்பிய வீரர்கள் ஜூன் 13 அன்று வெலிங்டனில் இரு பிரிவாக நின்று ஓர் ஆட்டம் ஆடினர். அந்த ஆட்டத்தின் வருவாய் பாஸ்கர்வில்லின் தாய்க்கு அளிக்கப்பட்டது. புதிய விதிகளின்படி நியூசிலாந்து மண்ணில் நடந்த முதல் ஆட்டமே அதுதான். பணத்துக்காக ஆடுபவர்கள் என்று நாடே நகைத்த அந்த வீரர்கள், சொந்த மண்ணில் இப்புதிய ஆட்டத்தை முதன்முதலாக ஆடியது, மகனை இழந்த ஒரு தாய்க்குப் பணம் திரட்டுவதற்காக.

இங்கே பணம் அன்பை அழித்ததா? அன்றி, அன்பு செல்வதற்குப் பணம் ஒரு வழியாயிற்றா? சுமந்து வந்த துயரத்தை அவர்கள் வேறு எப்படித்தான் அந்தத் தாயின் வாசலில் இறக்கி வைத்திருக்க முடியும்?

மறுபக்கத்தின் நியாயம்

எதிர்த்தவர்கள் எல்லாரும் தீயவர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டம் வணிகமாகிவிட்டால் செல்வம் மிக்க கழகம் எளிய கழகத்தின் வீரரை விலை கொடுத்து வாங்கிவிடும். வெற்றி ஒன்றே குறியாகும். மகிழ்ச்சி மறையும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று. இன்றைய விளையாட்டு உலகைக் காண்பவர் எவரும் அதை மறுக்க மாட்டார். மனிதருக்குக் கூலி உண்டு. மனிதருக்கு விலை இருத்தல் ஆகாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது, பலமுறை மிதிக்கப்பட்டது.

எனினும், அந்தக் கோட்டைக் காக்கும் பொறுப்பை ஏழையின் தலையில் மட்டும் சுமத்தியதே அவர்கள் செய்த தவறு. நிலத்தின் வருவாயிலோ தந்தையின் சொத்திலோ வாழ்பவருக்கு, ஊதியமின்றி ஆடுதல் ஒரு தியாகமன்று. அது ஓய்வு நேரம். சுரங்கத் தொழிலாளிக்கு அதே ஆட்டம் ஒரு நாள் உணவு. இருவருக்கும் ஒரே சட்டம் என்று சொல்வது சமநீதிபோல் தோன்றும். ஆனால் அச்சட்டத்தின் விலையைச் செலுத்துபவர் ஒருவரே. அதுவும் சரிவரக் காக்கப்பட்டதா? அதே காலத்தில் இங்கிலாந்தின் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ், ஊதியம் பெறாதவர் என்னும் மதிப்புக்குரிய வரிசையில் நின்றபடியே, படிப்பணமாகவும் பாராட்டு நிதியாகவும் ஊதிய வீரர் பலரைவிட மிகுதியாகப் பெற்றார். கனவானின் கைக்குச் சென்றால் அது காணிக்கை. உழைப்பாளி கேட்டால் அது பேராசை. பெயரில்தான் எத்தனை வேறுபாடு!

நார்தர்ன் யூனியன் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைவுறும் தறுவாயில், 1995 ஆகஸ்ட் இறுதியில், ரக்பி யூனியனின் உலக அமைப்பு பாரிஸ் நகரில் கூடி, வீரருக்கு ஊதியம் தரலாம் என்று அறிவித்தது. ஒரு நூற்றாண்டாகப் பாவமெனக் கருதப்பட்டது ஒரே நாளில் விதியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் தடை விதிக்கப்பட்டு, பழைய தோழரின் களத்தில் கால்வைக்க இயலாமல் மறைந்தவர்களுக்கு யார் ஈடு செய்வது?

நம் பெட்டியின் பக்கம்

இப்போது தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். 'சேவை' என்பது உயர்ந்த சொல். அதை ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது அதில் ஒளி இருக்கிறது. பிறர் உழைப்பைப் பற்றி நாம் சொல்லும்போது, அதே சொல் சில வேளைகளில் நம் பணப்பையின் பூட்டாகிவிடுகிறது. விழாவுக்குப் பாடப் பயிற்றுவித்தவர், பந்தியில் பரிமாறப் பகலெல்லாம் சமைத்தவர், பிள்ளைகளுக்கு மாலைதோறும் பாடம் சொல்லித் தந்தவர் இவர்களிடம், "நம் பணிதானே, இதற்குமா கணக்கு?" என்று நாம் புன்னகையோடு கேட்டதில்லையா? அவர்கள் அன்போடு செய்தார்கள் என்பதையே அவர்களுக்குக் கொடுக்காதிருக்கக் காரணமாக்கிக் கொள்கிறோம். அன்பில்லாமல் செய்பவர் கறாராகக் கேட்டு வாங்கிச் சென்றுவிடுகிறார், அன்புள்ளவரே ஏமாறுகிறார். இது என்ன நீதி?

இலவசமாகக் கொடுப்பது கொடுப்பவரின் உரிமை. பெறுபவர் அதைக் கட்டளையாக்க முடியாது. ஒருவர் கூலியை மறுத்துத் தாமாகக் கொடையளிக்க வேண்டுமானால், அந்தக் கூலி முதலில் அவர் கையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். கையில் இல்லாததை எவரும் கொடையாக அளிக்க இயலாது. அந்த வீரர்கள் ஆட்டத்தின் வருவாய் தங்களுடையது என்று துணிந்து சொல்லியிருந்தார்கள். அதனாலேயே ஒருநாள் அதை ஒரு தாய்க்குக் கொடையாக அளிக்க அவர்களால் முடிந்தது.

கேலியாக வந்த 'ஆல் கோல்ட்ஸ்' என்னும் பெயர் பின்னாளில் மதிப்புப் பெயராயிற்று. இங்கிலாந்து ரக்பி லீக் கோப்பையின் இறுதியாட்டத்தில் சிறந்து விளங்கும் வீரருக்கு 1946 முதல் வழங்கப்படும் விருது, அந்த அணியில் வந்து இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட லான்ஸ் டாட் என்பவரின் பெயரைத் தாங்குகிறது. பிரித்தானியாவும் நியூசிலாந்தும் மோதும் தொடருக்கு 2002-இல் உருவான கேடயம், பிரிஸ்பேனில் மறைந்த அந்த அஞ்சல் எழுத்தரின் பெயரைத் தாங்குகிறது. காலம் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. ஆனால் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்பவர் ஒரு நூற்றாண்டு காத்திருக்க முடியாது. அவர் நாளைக் காலையில் அரிசி வாங்க வேண்டும்.