காணப்படுதலும் தற்போதமும்

தாம் படம் எடுக்கப்படுவதை அறிந்த ஒருவரை, படத்துக்கென்று முகம் அமைத்துக்கொள்ளாத இயல்பு நிலையில் எடுக்க இயலுமா என்பது கேமராவைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினும், காணப்படுவதை அறிந்த உயிருக்கு என்ன நேர்கிறது என்னும் சமயக் கேள்வியே அதனுள் இருக்கிறது. லைக்கா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு படமெடுத்த ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் போன்றோரின் வழி, அறிந்த கணத்திலேயே முகம் மாறிவிடும் என்ற அச்சத்தில் பிறந்தது.

சைவ சித்தாந்தம் வேறு விடை தருகிறது. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நிற்பதை அது 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்றும், 'நான்' என்னும் முனைப்போடு கூடிய அறிவைத் 'தற்போதம்' என்றும் வழங்குகிறது. இவ்வகையில், கேமராவை அறிவது வேறு, அதைச் சார்வது வேறு. குறுவை நடவில் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகரும் தஞ்சைப் பெண்கள், வரப்பில் கேமராவோடு நிற்பவரைக் கண்டதும் நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்கின்றனர். ஆனால் நாற்று முடியைப் பிரித்து ஊன்றவும் பக்கத்தில் நடுபவருக்குப் பின்தங்காதிருக்கவும் வேண்டியிருப்பதால், சற்று நேரத்தில் அவர்கள் அறிவு நடவையே சார்ந்துவிடுகிறது. கேமராவை அவர்கள் மறக்கவில்லை. அது அவர்கள் முகத்தை ஆள்வது மட்டுமே நின்றுபோகிறது.

சோழநாட்டுச் சிற்பிகள் இதை உணர்ந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி, மறைந்த கணவர் கண்டராதித்தர் பெயரால் கோனேரிராசபுரத்தில் எடுப்பித்த கற்றளியில், அம்மன்னர் இலிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பமும் அதைத் தெரிவிக்கும் கல்வெட்டும் உள்ளன. பிறர் காண்பதற்கென்றே சுவரில் அமைந்த அவ்வுருவத்தின் செயல், காட்சி தருதல் அன்று, வழிபாடு.

ஆயினும், பண்ணைக் காரியக்காரர் என்னும் மேற்பார்வையாளரின் கண்முன்னே தலைமுறை தலைமுறையாக உழைத்த ஒரு நாட்டில், வேலையில் ஆழ்ந்த முகமும் அச்சம் அணிவித்த முகமாக இருக்கக்கூடும் என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. எனவே பார்ப்பவர் எவ்வாறு பார்க்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். இறைவன் உயிருக்குக் காட்டுவதோடு அமையாமல் உடன்நின்று தானும் காண்கிறான் என்று, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 11ஆம் நூற்பாவுக்குப் பொருள் கொள்வர். அத்தகைய காட்சி மனிதருக்கு முழுமையாகக் கைகூடாது. எனினும் ஒளிந்து எடுப்பவரைக் காட்டிலும், ஒப்புதல் கேட்டு, கேமராவை வெளிப்படையாக வைத்துக்கொண்டு, மறுப்பவரை எடுக்காமல் விட்டு, நெடுநேரம் உடனிருப்பவரே அதற்கு அண்மையில் நிற்கிறார்.