விபோர்க்கின் 42ஆம் வாரம்

அக்டோபர் நடுவில் விபோர்க் நகரத்துப் பள்ளிகள் ஒரு வாரம் மூடியிருக்கும். டென்மார்க்கில் அது ஆண்டின் 42ஆம் வாரம். வீட்டிலும் அலுவலகத்திலும் வார எண்ணைச் சொல்லித்தான் திட்டம் போடுவார்கள். இந்த விடுமுறைக்கு ‘உருளைக்கிழங்கு விடுமுறை’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. கிழங்கு பொறுக்கப் பிள்ளைகளின் கையும் தேவைப்பட்ட காலத்தில் வந்த பெயர். விபோர்க்குக்குத் தென்மேற்கே தரிசாகக் கிடந்த புதர்நிலத்தில் 1759 முதல் ஜெர்மன் விவசாயிகள் குடியேறினார்கள். அந்த வட்டாரத்தில் உருளைக்கிழங்கைப் பரப்பியவர்கள் அவர்கள்தாம். இன்று கிழங்கை இயந்திரம் தோண்டுகிறது. அந்த வாரம் குடும்பத்துக்கு என்று ஆகிவிட்டது.

டென்மார்க்கில் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும் மற்ற நேரங்கள் அப்படித் தானாக வந்தவையல்ல, கேட்டு வாங்கியவை. முழுநேர வேலை என்றால் வாரத்துக்கு 37 மணி என்பது தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடித்து 1990இல் நிலைத்த கணக்கு. 1998 வசந்தத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை ஆண்டுக்கு ஆறாவது வார விடுமுறை. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றம் சட்டம் போட்டு வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தபோது, சிறு பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சில விடுப்பு நாட்கள் சேர்ந்தன. பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் முதல் நாள் வீட்டில் இருக்கும் உரிமை பெரும்பாலான தொழிற்சங்க ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு 26 வாரம் ஆனதும் பராமரிப்பு நிலையத்தில் இடம் கொடுப்பது நகராட்சியின் பொறுப்பு. அதன் செலவில் கால் பங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்க முடியாது.

பதற்றமில்லாமல் குடும்பம் நடத்துவது பற்றிப் பேச வேண்டுமானால் இதையெல்லாம் முதலில் வைக்க வேண்டும். அதிகாலையில் எழுந்திருங்கள், முந்தின இரவே காய் நறுக்கி வையுங்கள் என்று தமிழ்ப் பத்திரிகைகள் பல காலமாகத் தாய்மார்களுக்குச் சொல்லி வருகின்றன. தவறான யோசனைகள் இல்லை. ஆனால் நாள் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை அந்தத் தாயால் தீர்மானிக்க முடியாதபோது, காய் முன்கூட்டி நறுக்குவதால் கிடைக்கும் கால் மணி நேரத்தையும் வேலையே எடுத்துக்கொண்டுவிடும். டென்மார்க்கில் நான்கு மணிக்கு மேலாளரே பிள்ளையை அழைத்துவரக் கிளம்பிவிடுவார். அவர் கிளம்பும் இடத்தில் மற்றவர்கள் கூசிக்கொண்டு எழுந்து போக வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் வந்த சட்டம் இன்னொரு படி ஏறியது. குழந்தை பிறந்த பின் தாய்க்கு 24 வாரம், தந்தைக்கு 24 வாரம் விடுப்பு. வேலையில் இருக்கும் தந்தை தன் பங்கில் 11 வாரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, எடுக்காவிட்டால் போயிற்று. குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்ட தந்தைக்கு மறுநாள் என்ன சமையல், எந்த உடுப்பு சின்னதாகிவிட்டது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால அட்டவணை ஒருவர் தலையிலிருந்து இருவர் தலைக்கு இறங்குவது இப்படித்தான்.

இவ்வளவும் இருந்தும் அங்கே பெற்றோர் நிம்மதியாக மட்டும் இருக்கவில்லை. பராமரிப்பு நிலையங்களில் ஆள் போதவில்லை என்று 2019இல் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் மூன்று வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவு 2024 முதல் சட்டமானது. அதே 2019இல் பள்ளிகளுக்கு வந்த ‘அவுலா’ என்ற செயலி வேறு வகைப் பாரம். நாளை நீச்சல் உடை, வியாழன் பெற்றோர் கூட்டம், அடுத்த வாரம் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மாலையில் விளையாட்டுப் பயிற்சி. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகை 2006, 2009, 2010 என மூன்று முறை வென்ற மகளிர் ஹேண்ட்பால் அணி விபோர்க்குடையது. அந்த ஊரில் ஒரு சிறுமி ஹேண்ட்பால் ஆட ஆசைப்பட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அங்குள்ள தமிழ் வீட்டில் இதற்கு மேல் இன்னோர் அடுக்கு உண்டு. 1980களில் ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலர் விபோர்க் இருக்கும் யூட்லாந்துப் பகுதியின் சிறு நகரங்களில்தான் குடியமர்ந்தார்கள். வார இறுதியில் தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், ஹெர்னிங் சித்தி விநாயகர் கோயிலுக்கோ அதற்கும் தெற்கே பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்கோ பயணம். கோடையில் சனிக்கிழமை தோறும் ஒரு கல்யாணம் அல்லது சாமத்தியச் சடங்கு. ஒன்றுகூட வீண் இல்லை. இந்தச் சமூகம் குடும்பமாகக் கூடியிருப்பதற்குக் கொடுத்த விலை பெரிது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் மனைவி, பிள்ளைகளை வரவழைக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். குடும்பங்கள் பிரிந்து காத்திருந்தன. அந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சன் குற்றவாளி என்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றாக இருக்க அவ்வளவு பாடுபட்ட வீடுகளில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு மாலைகூட இல்லாமல் போவது வருத்தத்துக்குரியது.

ஆகவே சிலவற்றை விடத்தான் வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பருவத்தில் ஒரு விளையாட்டோ ஒரு கலையோ போதும். தினமும் சோறும் மூன்று கறியும் வேண்டியதில்லை; ரொட்டியும் பருப்பும் வைத்த நாளில் யாருக்கும் அன்பு குறைந்துவிடாது. அழைப்பிதழ் வந்த எல்லாக் கொண்டாட்டத்துக்கும் நால்வரும் போக வேண்டுமா? ஒருவர் போய் வாழ்த்திவிட்டு வந்தால் உறவு முறியாது. ஓய்வு பெற்ற அம்மப்பாவோ அப்பம்மாவோ அருகில் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளையை அழைத்துவருவது இரு பக்கமும் மகிழ்ச்சி. ஆனால் அதையும் அவர்களிடம் கேட்டு, அவர்களுக்கு வசதியான கிழமையில் வைக்க வேண்டும்.

மிச்சத்தைப் பெற்றோர் தனியாகச் செய்ய முடியாது. டேனிஷ் பள்ளி ஆண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது; விடுமுறை வாரங்கள் அதற்கு வெகு முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். தமிழ் வகுப்பின் தேர்வு, ஆண்டு விழா, நடன அரங்கேற்றம், கோயில் திருவிழா ஆகியவற்றின் நாட்களையும் சங்கங்களும் கோயில்களும் கலந்து பேசி அதே ஆகஸ்டில் ஒரே தாளில் வெளியிடலாம். 42ஆம் வாரத்தை அவை தொடாமல் விடலாம்.