பாதையின் மைந்தனும் அவன் கண்ட காட்சியும்

மனிதன் எதற்காகப் பயணம் செய்கிறான் என்ற கேள்விக்கு விடைகள் பல. வணிகம், கல்வி, ஹஜ்ஜு, பிழைப்பு, வெறும் வேடிக்கை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. வழிப்போக்கன் ஒருவன் அயலூரில் ஓர் அநீதியைக் காண்கிறான். அவன் அவ்வூருக்கு உரியவனல்லன். நாளை புறப்பட்டுப் போய்விடுவான். அவன் கண்ணிற் பட்டது என்ற ஒரு காரணத்தால் மட்டும் அவன்மேல் ஒரு கடமை ஏறிவிடுமா?

அரபு மொழியில் பயணத்துக்கு ‘ஸஃபர்’ என்று பெயர். திரை விலக்குதல் என்ற பொருளும் இவ்வேருக்கு உண்டு. பெண் முகத்திரையை நீக்குவதற்கும், வைகறை வெளுப்பதற்கும் இதிலிருந்தே சொற்கள் பிறக்கின்றன. மனிதரின் குணத்தைப் பயணம் திறந்து காட்டிவிடுவதால் இப்பெயர் வந்தது என்பர் உலமாக்கள். ஒருவனுக்கு நற்சான்று கூற வந்தவனிடம், “அவனுடன் பயணம் செய்திருக்கிறாயா?” என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் வினவியதாகச் சொல்லப்படும் செய்தியை மத்ரஸா மாணவர் யாவரும் அறிவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் பயண ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி வகுத்தார்கள். திருமறையோ வழிப்போக்கனுக்கு ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது பாதையின் மைந்தன் என்று அழகிய பெயரிட்டு, ஸகாத்து பெறத் தகுந்த எட்டு வகையினருள் அவனையும் சேர்த்தது. ஊரார் பயணிக்குச் செலுத்த வேண்டிய கடன் இவ்வாறு தெளிவாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பயணி ஊராருக்குச் செலுத்த வேண்டிய கடன் யாது என்பதில்தான் நமக்குச் சிந்தனை தேவைப்படுகிறது.

இதற்கு இப்னு பதூதாவைவிடப் பொருத்தமான சான்று நமக்குக் கிடையாது. 1304இல் மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டவர் அவர். பாலைகளையும் மலைகளையும் துறைமுகப் பட்டினங்களையும் கடந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் சுற்றினார். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி முடித்தது 1355இல். அந்நூலிலே மலையாளக் கரைச் சாலையைப் பற்றி வரும் பகுதி படிக்கத் தித்திப்பானது. அரை மைலுக்கு ஒரு மரக்கூடம்; அதில் வழிப்போக்கர் அமரத் திண்ணைகள்; அருகே ஒரு கிணறு; தண்ணீர் வார்க்க ஓர் ஆள். தம்மவர்க்குப் பாத்திரத்திலும் முஸ்லிம்களுக்குக் கையிலும் ஊற்றினார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அதைவிடப் பாதுகாப்பான சாலையைத் தாம் கண்டதில்லை என்கிறார். பாதையின் மைந்தனுக்குரிய கடனை அக்கரையினர் தம் முறைப்படி செலுத்தினர் என்றுதான் நாம் கொள்ள வேண்டும்.

மற்றப் பக்கங்களும் உள்ளன. இந்தியாவுக்கு வரும் வழியில் இந்து குஷ் மலையைத் தாண்டும்போது, இந்நாட்டிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்படும் சிறுவரும் சிறுமியரும் அக்குளிரில் மடிவதாலேயே மலைக்கு அப்பெயர் வந்தது என்று எழுதுகிறார். பெயர்க்காரணம் சரியோ தவறோ, செய்தி நெஞ்சைத் தைக்கிறது. எனினும் அவரே அடிமைகளை வாங்கியும் கொடுத்தும் வாழ்ந்தவர். 1353இல் ஸஹாராவைக் கடந்து தாயகம் திரும்புகையில் அவர் சேர்ந்து சென்ற வணிகக் கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர். அந்த எண்ணிக்கையை, ஒட்டகச் சுமையைக் கணக்கிடுபவர்போல் எழுதிவிட்டு அப்பால் போய்விடுகிறார். ஓரிடத்தில் காணும் கண், இன்னோரிடத்தில் எண்ணுவதோடு நின்றுவிடுகிறது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். 1340களில் இலங்கையிலிருந்து கடல்வழி வந்து, புயலில் அலைக்கழிந்து மஅபர்க் கரையில் இறங்கினார் இப்னு பதூதா. அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி. இருவரும் ஒரே தந்தையின் புதல்வியரை மணந்த சகலர்கள். ஆகவே விருந்தாளிக்குத் தனி மதிப்பு. சுல்தானின் படை காட்டில் சிறைபிடித்தவர்களுக்கு நேர்ந்ததை அவர் எழுதியிருக்கிறார். இருமுனையும் கூராக்கிய கழுமரங்களை அவர்களே தோளிற் சுமந்து வந்தனர். மறுநாள் பாசறையின் நான்கு வாயில்களிலும் அவற்றிலேயே ஏற்றப்பட்டனர். அவர்களுடைய மனைவியரும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். ஒருநாள் சுல்தானுக்கு வலப்புறம் காழியும் இடப்புறம் தாமும் அமர்ந்து உண்கையில், ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து தலை வெட்டினார்கள். தாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டாராம். மற்றொரு நாள் கைதி ஒருவன் கொண்டுவரப்பட்டதும் இவர் விரைந்து எழுந்தார். எங்கே செல்கிறீர் என்று சுல்தான் கேட்டதற்கு, அஸர் தொழப் போவதாகக் கூறினார். சுல்தான் உண்மையைப் புரிந்துகொண்டு சிரித்தார். இவர் திரும்பி வந்தபோது அம்மனிதன் கைகால்கள் துண்டிக்கப்பட்டு இரத்தத்தில் கிடந்தான்.

இதையெல்லாம் நம் ஏட்டில் ஏன் எழுத வேண்டும், நம்மைத் தூற்றுவோர்க்குக் கருவியாகாதா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தடை. அதை மீறியவன் முஸ்லிம் பெயர் தாங்கியவன் என்பதற்காக மறைப்பது, தடையை விதித்தவரைவிட மீறியவனை மதிப்பதாகும். இச்செயல் இழிவானது, இதனாலேயே அல்லாஹ் அவன் மரணத்தை விரைவுபடுத்தினான் என்று எழுதி வைத்தவரும் ஷரீஅத் கற்ற ஒரு காழிதான் என்பதை நினைவிற் கொள்வது நல்லது.

ஆனால் எழுதியது எங்கே, எப்போது? பல்லாண்டுகள் கழித்து, சுல்தானின் வாள் எட்டாத மொரோக்கோவில். தீமையைக் கையால் தடு, இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறு என்ற மூன்று படிகளை நாம் சிறு பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். மூன்றாம் படியில் நின்றவர் என்று அவரை விட்டுவிடலாமா?

முடிச்சூரில் நம் பகுதியை ஒட்டி வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை செல்கிறது. சிறுவயதில் நம்மிடம் ஓதிய ஓர் இளைஞர், அச்சாலையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, கொங்கணக் கரை, ராஜஸ்தான் பாலை, லடாக் மலை எல்லாம் கண்டு திரும்பினார். படங்களைக் காட்டுகையில், ஒன்றின் ஓரத்தில் தார் காய்ச்சும் புகையினூடே முகம் கறுத்த கூலியாட்கள் நின்றிருந்தனர். ஜார்க்கண்டிலிருந்து ஆண்டுதோறும் எல்லைச் சாலைப் பணிக்கு அவ்வுயரத்துக்குச் செல்லும் ஏழைகள்.

“இவர்களிடம் ஊர் கேட்டீரா, தம்பி?” என்றோம்.

“கேட்டேன், ஹஜ்ரத். தும்கா என்றார்கள். அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்?”

அவர் கேட்டது நியாயமே. அவருடைய சொல்லுக்கு அங்கே எடை கிடையாது. ஊரைக் கேட்டார், நினைவில் வைத்துக்கொண்டார், நம்மிடம் சொன்னார். அவர் நிலையில் அது சிறிதன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்தபோது வந்தவர்களிலும் படகு கொணர்ந்தவர் உண்டு, கைப்பேசியில் படம் பிடித்துச் சென்றவரும் உண்டு. அப்படங்களால் உதவி வந்ததும் உண்டு.

கண்ணாற் கண்டது மட்டும் கடமையின் அளவை முடிவு செய்வதில்லை, அவனுக்கு இடப்பட்ட ஆசனமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பது நம் கருத்து. இப்னு பதூதா சாலையோரத்தில் நின்ற முஸாபிர் அல்லர். தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்தவர், சுல்தானின் சகலர், இடப்புறத்து இருக்கை அவருக்குரியது. அஸர் தொழுகையைச் சாக்காக்கி எழுந்தவரின் நா, வேறொன்றுக்கு அதே சுல்தானிடம் தாராளமாக அசைந்தது. மாலத்தீவின்மீது படையனுப்புமாறு யோசனை கூறியவர் அவரே. கப்பல்களும் ஏற்பாடாயின. கொடுமையைக் கண்டு முகம் திருப்பிய மனிதர், தாம் காழியாய் உப்புத் தின்ற தீவுகளுக்கு அக்கொடுமைக்காரனின் படையை அழைத்துப் போக எண்ணினார் என்பதை எத்தனை முறை படித்தாலும் நமக்குச் செரிக்கவில்லை. அவருடைய உயிருக்கு அஞ்சிய மௌனத்தை நாம் மன்னிக்கக்கூடும். இந்தப் பேச்சை மன்னிப்பது கடினம்.

படை புறப்படவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியது; சுல்தான் தாயையும் மனைவியையும் மகனையும் இழந்து, தாமும் மாண்டார். இப்னு பதூதாவையும் கடுஞ்சுரம் பற்றியது. அந்நாட்டில் ஏராளமாய்க் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்துக் குணமானதாகச் சொல்கிறார். (அரபியர் புளியைத் ‘தமர் ஹிந்தீ’, இந்தியப் பேரீச்சை, என்றே அழைப்பர்.) மாலத்தீவுப் பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று புதிய சுல்தான் கூறியும் கேளாமல் கப்பலேறிக் கொல்லத்தை அடைந்தார். பின்னர் ஹொன்னாவரை நெருங்கும் கடலில் கொள்ளையர் சூழ்ந்து, கால்சட்டை ஒன்றைத் தவிர யாவற்றையும் பறித்தனர். அக்கோலத்தில் கள்ளிக்கோட்டைக்கு வந்து ஒரு பள்ளிவாசலில் ஒதுங்கினார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் உடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் உடை அனுப்பினார்.